கெடு முடிந்த பிறகு வழக்குரையைத் திருத்தலாமா? மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை மீது வழக்குப் போடும் குடும்பங்கள் பெரும்பாலும் என்ன தவறு நடந்தது என்று முழுசாகத் தெரியாமல்தான் போடுகின்றன. நல்லா நடந்து போன மனிதர் படுத்த படுக்கையாகத் திரும்பினார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். கேஸ் ஷீட் கைக்கு வருவதும், வேறொரு டாக்டர் அதைப் படித்துவிட்டு "தவறு இங்கேதான்" என்று சொல்வதும் பல மாதம் கழித்துத்தான் நடக்கும். அதற்குள் வழக்குப் போடுவதற்கான கெடு முடிந்திருக்கும். ஏற்கெனவே போட்ட வழக்கில் புதிதாகத் தெரிந்ததைச் சேர்க்க முடியுமா, முடியாதா? இந்தியச் சட்டத்தின்படி அதற்கான பதில்கள் இங்கே.

வழக்குரைத் திருத்தம் என்றால் என்ன?

வாதி தாக்கல் செய்யும் வழக்குரையும் (பழைய பேச்சில் பிராது) பிரதிவாதியின் எதிருரையும்தான் வழக்கின் எல்லைக் கோடு. அதில் சொல்லாத ஒன்றை விசாரணையில் நிரூபித்துத் தீர்ப்பு வாங்க முடியாது. ஆகவே விட்டுப்போனதைச் சேர்க்கவும், தவறாக எழுதியதை மாற்றவும் உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 17 இடம் தருகிறது. வக்கீல்கள் பேச்சில் இது "ஆர்டர் சிக்ஸ் ரூல் செவன்டீன்". தரப்பினருக்கு இடையே உள்ள உண்மையான தகராறைத் தீர்க்க எந்தத் திருத்தம் அவசியமோ, அதை வழக்கின் எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கலாம் என்பது விதியின் முதல் பாதி. இரண்டாம் பாதியில் ஒரு தடை இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

எனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நுகர்வோர் ஆணையம் என்றால் 2 வருஷம்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 69. தாமதத்துக்குப் போதுமான காரணம் காட்டினால் ஆணையம் அதை எழுத்தில் பதிவுசெய்து மன்னிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 3 வருஷம். ஆனால் அங்கே தாமதத்தை மன்னிக்கும் பேச்சே கிடையாது. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5 மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் பொருந்துமே தவிர, வழக்குக்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பு கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 3. திருத்த மனு இவ்வளவு முக்கியமாகிப் போவதற்குக் காரணமே இந்தக் கண்டிப்புதான்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் உரிமையியல் வழக்குக்கான கடிகாரம் 18 வயது முடியும்வரை ஓடாது. ஆக, 21 வயதுவரை நேரம் உண்டு. இது குழந்தையின் உரிமைக்கு மட்டும்தான். பெற்றோர் தங்கள் செலவையும் மனவேதனையையும் கேட்பதற்கான கெடு வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

கொரோனா காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். 15.03.2020 முதல் 28.02.2022 வரையான நாட்களைக் கெடுவிலிருந்து கழிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களுக்கு எதிராகக் கெடுப் பிரச்சினை எழுப்பப்பட்டால், முதலில் இந்தக் கழிவைப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கெடு எந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது?

திருத்தம் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "கெடு முடிந்துவிட்டது" என்று நினைத்துப் பயந்தவர்களுக்குச் சில நேரம் கெடு முடிந்தே இருக்காது.

2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 1993-ல் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் பஞ்சுத்துணி தங்கிவிட்டது. 2002-ல் இரண்டாவது அறுவை சிகிச்சையில்தான் அது வெளியே வந்தது. புகார் கொடுத்தது 2004-ல். நீதிமன்றம் சொன்ன விதி நல்ல விதி: தவறின் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிந்தால் கெடு அன்றே தொடங்கும், தெரியாவிட்டால், நோயாளிக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான அக்கறை எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து தொடங்கும். ஆனாலும் அந்தப் பெண் தோற்றார். அவர் ஒரு செவிலியர், இத்தனை வருஷம் வலியோடு இருந்தும் போதிய அக்கறையோடு காரணத்தைத் தேடவில்லை என்றது நீதிமன்றம். எனக்கு அந்த முடிவு இன்றும் கடுமையாகத்தான் படுகிறது. என்றாலும் "தெரிந்த நாள்" என்ற வாதம் உயிரோடு இருக்கிறது. அதை எடுப்பவர்கள், இடைப்பட்ட காலத்தில் யார் யாரிடம் காட்டினார்கள், என்னென்ன ஸ்கேன் எடுத்தார்கள் என்பதைத் தேதிவாரியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, கெடு உண்மையிலேயே முடிந்துவிட்டது. திருத்த மனு போட்டால் தள்ளுபடிதானா?

இல்லை. கெடு முடிந்தது என்பது திருத்தத்தை மறுக்கப் பார்க்கப்படும் ஒரு காரணம். நீதிமன்றத்தின் அதிகாரத்தை அது பறித்துவிடாது. 1957-ல் லீச் கம்பெனி – ஜார்டின் ஸ்கின்னர் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. சரக்கை அபகரித்ததாகத் தொடுத்த வழக்கை, சரக்கைத் தராமல் ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்காகவும் நடத்த, மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை வந்த பிறகு அனுமதித்தது. தேவையான சம்பவங்கள் எல்லாம் முதல் வழக்குரையிலேயே இருந்தன, மாறியது சட்டப் பெயர் மட்டும்தான் என்பது காரணம்.

எதிர்ப்பக்க வாதம் இங்கிலாந்தில் 1887-ல் வெல்டன் – நீல் வழக்கில் பிறந்தது. அவதூறுக்காகப் போட்ட வழக்கில், கெடு தாண்டிய பிறகு தாக்குதல், சட்டவிரோதக் காவல் என்று புதுப் புதுக் குற்றச்சாட்டுகளைச் சேர்க்க அனுமதி மறுக்கப்பட்டது. கெடு முடிந்ததால் எதிராளிக்குக் கிடைத்துவிட்ட பாதுகாப்பைத் திருத்தம் என்ற பெயரில் பிடுங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நம் நீதிமன்றங்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. டாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: அதே சம்பவங்களை வேறு கோணத்தில் பார்ப்பது புது வழக்கு ஆகாது, கெடு தாண்டினாலும் அனுமதிக்கலாம், புதிய சம்பவங்களின் மேல் புதிய உரிமை கேட்டால் அது புது வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் – சஞ்சீவ் பில்டர்ஸ் வழக்கில் 2022-ல் வந்த தீர்ப்பும் இந்தத் தாராள மனப்போக்கைத்தான் மறுபடி உறுதிசெய்தது.

மருத்துவ வழக்கில் எது பழைய கதை, எது புதுக் கதை?

மனு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒரு கேள்வியில்தான். நான்கு கற்பனை உதாரணங்களைப் பார்க்கலாம்.

வழக்குரையில் "அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, பலமுறை சொல்லியும் டாக்டர் வந்து பார்க்கவில்லை, தொற்று பரவிக் காலை எடுக்க வேண்டியதாயிற்று" என்று இருக்கிறது. பின்னால் வந்த நிபுணர் கருத்து, "இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை கூடியிருந்தது, ஆன்டிபயாடிக்கை மாற்றியிருக்க வேண்டும்" என்கிறது. இதைச் சேர்ப்பது புது வழக்கு இல்லை. ஏற்கெனவே சொன்ன புறக்கணிப்பின் விவரம்தான் இது. இப்படிப்பட்ட மனு பெரும்பாலும் அனுமதிக்கப்பட வேண்டியது.

இன்னொன்று. வழக்குரை முழுக்க அறுவை சிகிச்சையில் நடந்த தவறு பற்றி. கேஸ் ஷீட்டைப் பார்த்தபின், ஆறு மாதம் முன்பே புறநோயாளியாகப் போனபோது நோயைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார்கள் என்று தெரிகிறது. நாள் வேறு, டாக்டர் வேறு, செய்த தவறும் வேறு. முதல் வழக்குரையில் அந்த வருகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் இது புதுக் கதை. எதிர்த்தரப்பு கெடுவைக் காட்டி மறிக்கும், நீதிமன்றம் அதற்குக் காது கொடுக்கும். ஒரு வரி இருந்தால் நிலைமையே மாறிவிடும்.

மூன்றாவது, சம்மதம். உரிய விவரம் சொல்லி வாங்காத சம்மதம் சம்மதம் ஆகாது, ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை வைத்து இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "பரிசோதனைக்கு என்று கூட்டிப் போனார்கள், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது" என வழக்குரையில் சம்பவமாக எழுதியிருந்தால், "சம்மதமின்றிச் செய்தது" என்ற வாதத்தைப் பின்னால் சேர்ப்பது சட்டப் பெயர் சூட்டுவது மட்டுமே. அறுவை சிகிச்சை சரியாகச் செய்யப்படவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம். கை நழுவிய கத்தியும் கேட்காமல் செய்த காரியமும் வேறு வேறு தவறுகள்.

நான்காவது, தேதிப் பிழை, பெயர் எழுத்துப் பிழை, மருந்தின் பெயர் மாறியது போன்றவை. இவற்றுக்குக் கெடு ஒரு பொருட்டே இல்லை.

இதனால்தான் முதல் வழக்குரையில் சம்பவங்களைத் தாராளமாக எழுதச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகள் குறைந்தாலும் பரவாயில்லை. எந்த நாள், எந்த நேரம், யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், நர்ஸ் எதைக் கையில் கொடுத்தார் என்று எழுதிவையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு திருத்தமும் பற்றிக்கொள்ளும் கொம்பு அதுதான்.

விசாரணை தொடங்கிவிட்டது. இனியும் திருத்தலாமா?

முன்பு சொன்ன தடை இதுதான். 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த நிபந்தனைப்படி, விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால், உரிய அக்கறையோடு இருந்தும் அதற்கு முன்னால் அந்த விஷயத்தை எழுப்பியிருக்க முடியாது என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். எழுவினாக்கள் (வழக்கில் நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டிய கேள்விகள்) வனையப்பட்டு, வாதி தன் முதல் விசாரணைச் சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்துவிட்டாலே விசாரணை தொடங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கூண்டில் ஏறிய பிறகுதான் என்று நினைக்காதீர்கள்.

மருத்துவ வழக்கில் இந்த அக்கறையைக் காட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே ஒப்புகை கிடைக்கும் தபாலில் எழுதிக் கேளுங்கள், அந்த ஒப்புகையை விடாதீர்கள். தராவிட்டால் ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். இந்தக் காகிதங்கள் இருந்தால் "நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, அவர்கள்தான் தரவில்லை" என்பது தானாகவே நிரூபணமாகும். வாயால் கேட்டோம், வரவேற்பறையில் அலைக்கழித்தார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது. பதிவை வேண்டுமென்றே மறைத்ததாகக் காட்ட முடிந்தால், கெடுவே மறைப்பு வெளிப்பட்ட பிறகுதான் ஓடும் என்று காலவரையறைச் சட்டம் பிரிவு 17-ன் கீழ் வாதிடலாம்.

மருத்துவமனையை மட்டும் சேர்த்தோம், டாக்டரை விட்டுவிட்டோம். இப்போது சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஆள் சேர்ப்பதில் கெடு கடுமையாக வேலை செய்யும். காலவரையறைச் சட்டம் பிரிவு 21-ன்படி, புதிதாகச் சேர்க்கப்படுபவர் மீதான வழக்கு அவர் சேர்க்கப்பட்ட நாளில்தான் தொடங்கியதாகக் கருதப்படும். அன்று கெடு தாண்டியிருந்தால் அவர் தப்பிவிடுவார். ஒரு விதிவிலக்கு உண்டு: நல்லெண்ணத்தில் ஏற்பட்ட தவறால் விட்டுப்போனது என்று திருப்தியடைந்தால், முந்தைய தேதியிலேயே வழக்குத் தொடங்கியதாக நீதிமன்றம் உத்தரவிடலாம். அறுவை அரங்குக்குள் யார் இருந்தார்கள் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பெயர், ஆபரேஷன் குறிப்பில் வேறு பெயர் என்றால், அந்த இரண்டு காகிதங்களே நல்லெண்ணத்துக்குச் சாட்சி. இந்த உத்தரவை மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் சேர்க்க மட்டும் சொல்லிவிட்டு, பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

டாக்டரைச் சேர்க்க முடியாமலே போனாலும் வழக்கு செத்துவிடாது. 2004-ல் ஒரு தனியார் இதய மருத்துவமனை தொடர்பான வழக்கில், சிகிச்சை தந்த டாக்டரைச் சேர்க்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை. தன் டாக்டர்கள் கவனமாக நடந்தார்கள் என்று காட்ட வேண்டியதும் அந்த மருத்துவமனைதான்.

அரசு மருத்துவமனை என்றால்?

எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது 1995-ல் இந்திய மருத்துவச் சங்க வழக்கிலிருந்து வரும் நிலை. உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே அரசைப் பின்னால் சேர்ப்பதாக இருந்தால் கெடுவோடு இன்னொரு சிக்கலும் உண்டு: உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ன் கீழ் 2 மாத முன்னறிவிப்பு. அந்த 2 மாதத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல். ஆரம்பத்திலேயே அரசையும் சேர்த்துவிடுவது நல்லது.

தெரியாமல் நுகர்வோர் ஆணையத்தில் போட்டு, அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டால், அங்கே நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் செலவழித்த காலத்தைக் கழிக்கும்படி காலவரையறைச் சட்டம் பிரிவு 14-ன் கீழ் கேட்கலாம்.

இழப்பீட்டுத் தொகையை உயர்த்த முடியுமா?

வழக்குப் போட்ட பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, வேலை போனது, நிரந்தர ஊனம் உறுதியானது என்றால் தொகையை உயர்த்தக் கேட்பது நியாயமே. வழக்கின் அடிப்படை மாறவில்லை, பாதிப்பின் அளவுதான் தெளிவாகியிருக்கிறது. கூடுதல் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தொகை கூடினால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு மாறவும் நேரலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் அந்த மாற்றம் இல்லை. பழைய 1986 சட்டத்தில் கேட்கும் இழப்பீடும் கணக்கில் வந்தது. 2019 சட்டத்தில் நீங்கள் சிகிச்சைக்குக் கொடுத்த தொகை மட்டுமே கணக்கு: 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்குமேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம்.

நுகர்வோர் ஆணையத்தில் திருத்த விதிகள் ஒன்றா?

கட்டளை 6 விதி 17 அங்கே வரிக்கு வரி பொருந்தாது. ஆனால் ஆணையங்கள் அதே கொள்கைகளை வைத்துத்தான் திருத்த மனுக்களைப் பார்க்கின்றன. அங்கே வழக்கு சுருக்கமான விசாரணை என்பதால், எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்வதற்கு முன்பே திருத்தம் கேட்டால் எதிர்ப்பு குறைவாக இருக்கும்.

அனுமதி கிடைத்தால் திருத்தம் எந்தத் தேதியிலிருந்து செல்லும்?

பொதுவாக வழக்குப் போட்ட நாளிலிருந்தே. ஆனால் சம்பத்குமார் – அய்யாக்கண்ணு வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம், இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை, தேவையானால் திருத்த மனு போட்ட நாளிலிருந்தே செல்லும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. பார்க்கச் சின்ன வித்தியாசம். மருத்துவ வழக்கில் அந்த ஒரு வரி உங்கள் புதுக் குற்றச்சாட்டை முழுதாகச் சாகடிக்கும். உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் இதைத் தேடிப் படியுங்கள். கெடுப் பிரச்சினையை இப்போது முடிவுசெய்யாமல், தனி எழுவினாவாக வைத்து விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சில நேரம் நீதிமன்றம் சொல்லும். அதுவும் உங்களுக்குச் சாதகமே. கெடு தொடங்கிய நாளைச் சாட்சியம் தந்து நிரூபிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

பேசாமல் வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

கெடு தாண்டியிருந்தால் தயவுசெய்து வேண்டாம். புது வழக்குப் போட அனுமதியோடு வாபஸ் வாங்கினாலும், முதல் வழக்கே போடாதது போலத்தான் கெடு கணக்கிடப்படும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 2. கையில் இருந்த, கெடுவுக்குள் போட்ட ஒரே வழக்கையும் நீங்களே தூக்கிப் போட்டதாகிவிடும்.

வழக்கு நடக்கும்போது நோயாளி இறந்துவிட்டார். என்ன செய்வது?

அந்த நேரத்தில் யாருக்கும் நீதிமன்ற நினைப்பு வராது, அது இயல்புதான். ஆனாலும் வாரிசுகளைப் பதிலியாகச் சேர்க்கும் மனுவை 90 நாளுக்குள் போட வேண்டும். தாண்டிவிட்டால் வழக்கு அற்றுப்போகும். பிறகு காரணம் காட்டி மீட்க மனுப் போட வேண்டிவரும். அந்தக் கவனக்குறைவால்தான் மரணம் நேர்ந்தது என்றால், குடும்பத்தாருக்கென்று தனி இழப்பீட்டு உரிமை 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் உண்டு. அதற்குக் கெடு, இறந்த நாளிலிருந்து 2 வருஷம். அதையும் இதே வழக்கில் திருத்தமாகச் சேர்க்க நினைத்தால் இந்த 2 வருஷத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

மருத்துவமனை தன் எதிருரையைத் திருத்தக் கேட்கிறது. தடுக்க முடியுமா?

எதிருரைத் திருத்தத்தில் நீதிமன்றம் இன்னும் தாராளமாக இருக்கும், முரணான மாற்று வாதங்களைக்கூட அனுமதிக்கும். முன்பு ஒப்புக்கொண்ட ஒன்றை முழுசாக மாற்றி உங்களுக்குச் சேதம் விளைவிப்பதை மட்டும் எதிர்த்து நிற்கலாம். "இரவுப் பணியில் மயக்க மருந்து நிபுணர் இல்லை" என்று ஒப்புக்கொண்டவர்கள் பின்னால் "இருந்தார்" என்று மாற்ற வந்தால், அந்த மனுவுக்கு விரிவான எதிர்ப்புரை போடுங்கள்.

திருத்த மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

புதிதாகச் சேர்க்கும் வரிகளை அப்படியே அட்டவணையாகக் கொடுங்கள். அவை எந்தப் பத்திக்குப் பின் வரும் என்று குறிப்பிடுங்கள். அப்புறம், பழைய வழக்குரையில் எந்தப் பத்தியில் அதன் வேர் இருக்கிறது என்று காட்டுங்கள். பலர் விடுவது இதைத்தான். பிரமாணப் பத்திரத்தில், விஷயம் தெரியவந்த தேதியையும் தெரிந்த விதத்தையும் எழுதுங்கள்: பதிவு கேட்டது இந்த நாள், வந்தது இந்த நாள், நிபுணர் கருத்து இந்த நாள். நிபுணர் கருத்து வந்த நாளுக்கும் மனு போட்ட நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தால், அந்த ஐந்து மாதத்துக்கும் பதில் வேண்டும். மனு மறுக்கப்பட்டால் அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 227-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு கெடு இருக்கிறது. உத்தரவில் நாள் குறிப்பிடாவிட்டால், 14 நாளுக்குள் திருத்திய வழக்குரையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் செய்யாவிட்டால், நீதிமன்றம் அவகாசத்தை நீட்டித்தாலொழிய, வாங்கிய அனுமதி பயனற்றுப் போகும்.